ஸ்கிரீனில் யாரைப் பார்ப்பது?

மதுரையில் எந்தப் பள்ளியின் கூடைப்பந்து மைதானத்துக்குப் போனாலும் சரி, ஓர் ஆட்டக்காரன் ஸ்கிரீன் போட்டு, அதாவது எதிராளியின் வழியை மறித்து நின்று, எதிரணிக்காரன் அவன்மேல் மோதிய மறுகணம் நாலாபக்கமும் "மூவிங், மூவிங்!" (அசைந்துவிட்டான்!) என்ற கூச்சல் எழும். பெற்றோர் கத்துவார்கள். பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று கத்துவார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறவரும் தன் பங்குக்குக் கத்துவார். விசிலோடு உள்ளே நிற்கிற எனக்கு அந்தக் கூச்சலில் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அதில் பாதி நியாயம் உண்டு. ஸ்கிரீன் போட்டவன் அசைந்துதான் இருப்பான். ஆனால் அசைந்தான் என்பதற்காக மட்டும் அது ஃபவுல் ஆகிவிடாது. அதைவிட முக்கியம், துளியும் அசையாமல் நின்றவன் செய்ததும் ஃபவுலாக இருக்கலாம். இந்தப் பின்பாதியைச் சொன்னால் மைதானத்தில் யாருக்கும் பிடிப்பதில்லை, சில நடுவர்கள் உட்பட.

கூடைப்பந்து ஆடிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அணியின் நல்ல ஷூட்டரை எதிரணிக்காரன் நிழலாகத் தொடர்கிறான். அவனை உதற வேண்டும். அதற்காக நம்மில் உயரமான ஒருவன் வந்து அவன் ஓடுகிற பாதையில் நின்றுகொள்கிறான். ஷூட்டர் அவனை உரசிக்கொண்டு ஓடிவிடுவான், துரத்தி வந்தவன் முட்டி நிற்பான். அந்த அரை நொடியில் ஷூட்டருக்குப் பந்து வந்துவிடும். அவ்வளவுதான் ஸ்கிரீன். இன்று எந்த அணியின் தாக்குதலை எடுத்துப் பார்த்தாலும் பாதி இதை நம்பியே நடக்கிறது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஸ்கிரீன் என்ற பேச்சே கிடையாது. தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, கால் தடுக்காதே, அடிக்காதே என்று ஐந்தாவது விதி சொல்கிறது, அதோடு சரி. ஒருவன் வெறுமனே வழியில் வந்து நின்றால் என்ன செய்வது என்பது, ஆட்டம் வளர வளர எழுந்த வழக்கு.

நாம் இங்கே ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிகளின்படி. உடல் மோதல் பற்றிய 33-ஆவது பிரிவில் ஸ்கிரீன் வருகிறது. முறையான ஸ்கிரீனுக்கு அது கேட்பவை எளிமையானவை: மோதல் நிகழும்போது ஸ்கிரீன் போடுபவர் நின்றிருக்க வேண்டும், தன் சிலிண்டருக்குள் இருக்க வேண்டும், இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். சிலிண்டர் என்றால் உடம்பைச் சுற்றிக் கற்பனையாக வரைந்த ஓர் உருளை. முன்னால் மடக்கிய கைகளின் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளியோரம் வரை. அதற்குள் இருக்கும் இடம் அவருக்குச் சொந்தம். முழங்கையோ முட்டியோ இடுப்போ அதைத் தாண்டி வெளியே போய் யாரையாவது தடுத்தால் அது அத்துமீறல்.

இதில் 'மோதல் நிகழும்போது' என்பதைத்தான் கூச்சல் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை. ஸ்கிரீன் போட வருகிறவன் எங்கிருந்தும் ஓடி வரலாம், கடைசி அடியில் இடம் மாற்றலாம், எதிராளியின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கலாம். தொடாதவரை அவன்மேல் குற்றம் இல்லை. எதிராளி பயந்து வேகத்தைக் குறைத்தால் அது எதிராளியின் பாடு. தொட்ட அந்தக் கணத்தில் கால்கள் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி. கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். மோதலே கூடாது என்றால் ஆட்டமே நடக்காது. விதிப்புத்தகத்துக்கும் அது தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன் பற்றிய விதியில் பாதி ஸ்கிரீன் போடுபவரைப் பற்றியதே அல்ல, ஸ்கிரீனில் மாட்டுபவரைப் பற்றியது. அவர் நின்றுகொண்டிருக்கிறாரா, ஓடிக்கொண்டிருக்கிறாரா? ஸ்கிரீன் வருவது அவர் கண்ணுக்குத் தெரிகிறதா? இந்த இரண்டையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் நின்றுகொண்டிருக்கிறார், ஸ்கிரீன் முன்னாலோ பக்கவாட்டிலோ அவர் பார்வைக்குள் வருகிறது என்றால், தொடாமல் எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் போய் நிற்கலாம். மூச்சு முகத்தில் படுகிற அளவுக்குக்கூட நிற்கலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் கதை வேறு. அவர் திரும்பி ஓரடி எடுத்து வைக்க இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும். இடம் விடாமல் முதுகோடு ஒட்டி நின்று, அவர் திரும்பும்போது மோதிக்கொண்டால், ஸ்கிரீன் போட்டவன் கல்லாகச் சமைந்திருந்தாலும் ஃபவுல் அவனுடையதுதான். கூச்சல் போடுகிறவர்களின் கணக்கில் இந்த ஃபவுல் வருவதே இல்லை. "அவன் அசையவே இல்லையே சார்!" என்று பயிற்சியாளர் கைகளை விரிப்பார். அசையவில்லை என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தெருவில் நிற்கும் உங்கள் குதிகாலுக்குப் பின்னால் ஓசையில்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நீங்கள் திரும்பி முட்டிக்கொண்டதும் "நான் நின்றுகொண்டுதானே இருந்தேன்" என்றால் எப்படியிருக்கும்?

ஓடிக்கொண்டிருப்பவர் விஷயத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. அவர் நிற்கவோ திசை மாறவோ முடிகிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும். ஓரடிக்குக் குறையக் கூடாது, இரண்டடிக்கு மேல் தேவையும் இல்லை என்கிறது விதி. அடி என்றால் அளவுகோலின் அடி இல்லை, இயல்பான காலடி. யாருடைய காலடி? நடுவர்கள் கூடினால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், பேசியும் இருக்கிறோம். என் கட்சி தெளிவானது: ஸ்கிரீனில் மாட்டுபவரின் காலடி. ஏனென்றால் விதி அவருக்குத்தான் தப்பிக்கும் வாய்ப்பைத் தருகிறது. குறுவட்டப் போட்டியில் ஆடும் ஆறாம் வகுப்புச் சிறுமியின் காலடியும், முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி அணிக்கு ஆடும் ஆறடி இளைஞனின் காலடியும் ஒன்றல்ல. அதோடு வேகத்தையும் சேர்க்க வேண்டும். முழு வேகத்தில் பாய்ந்து வருகிறவனுக்கு இரண்டு காலடி வேண்டும், மெல்ல ஓடி வருகிறவனுக்கு ஒன்று போதும். இதை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. ஆகவேதான் தரையை அளக்காமல் ஆளைப் பாருங்கள் என்று புது நடுவர்களிடம் சொல்கிறேன். அவனால் நின்றிருக்க முடியுமா, முடியாதா? கண் அதற்குப் பதில் சொல்லிவிடும்.

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியின் சிமெண்ட் மைதானத்தில் நடந்த மாணவியர் ஆட்டம் ஒன்று நினைவில் நிற்கிறது. மாலை நேரம், வெயிலில் காய்ந்த தரை இன்னும் சூடு தணியவில்லை. கோடுகள் பாதி அழிந்திருந்தன. ஸ்கோரர் மேசையாக இரண்டு வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஷூட்டர் பெண், கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ் லைனை ஒட்டி இடமிருந்து வலமாக ஓடினாள். துரத்தி வந்தவள் ஷூட்டரின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்தப் பாதையில் ஷூட்டர் அணியின் சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடுகிறவள், தோள் அகலத்துக்குக் கால்களை ஊன்றி, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, முன்னமே வந்து நின்றிருந்தாள். நடுவே தாராளமாக இரண்டு காலடி இடமும் இருந்தது. ஓடி வந்தவள் கடைசி நொடியில் நிமிர்ந்து பார்த்தாள், கால்களை ஊன்றி நிற்கப் பார்த்தாள், ஷூ சிமெண்டில் கிறீச்சிட்டது. அப்படியும் போய் மோதி, இருவரும் விழுந்தார்கள்.

விசில் அடிக்கவில்லை. விழுந்தவளின் பயிற்சியாளர் கோட்டை மிதித்துக்கொண்டு வந்தார்.

"சார், என் பிள்ளை கீழே கிடக்கிறாள். மூவிங் இல்லையா?"

"இல்லை சார். அந்தப் பிள்ளை முன்னமே நின்றுகொண்டிருந்தது."

"அப்படியென்றால் ஃபவுல் என் பிள்ளைமேலா?"

"அதுவும் இல்லை சார்."

அவருக்குக் குழப்பம். எந்தப் பக்கமும் ஃபவுல் இல்லாமல் இரண்டு பேர் விழ முடியுமா? முடியும். முறையாகப் போடப்பட்ட ஸ்கிரீனில் மோதினால் பொறுப்பு மோதியவருடையது என்று விதி சொல்கிறது. ஆனால் பொறுப்பு அவருடையது என்பதற்காக ஒவ்வொரு முறையும் விசில் ஊத வேண்டும் என்று அதே விதிப்புத்தகம் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யாத, யாருக்கும் ஆதாயம் தராத தற்செயல் மோதலுக்காக ஆட்டத்தின் ஓட்டத்தை நிறுத்தாதே என்றும் அது நடுவருக்குச் சொல்கிறது. அந்தப் பெண் நிற்க முயன்றாள், கையால் தள்ளவில்லை. மோதியதால் நஷ்டப்பட்டவளும் அவளே. அமெரிக்கப் பள்ளிகளின் விதிப்புத்தகத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத ஸ்கிரீனில் வேகமாக வந்து மோதினால் அடி பலமாகக்கூட இருக்கலாம், மோதியவர் நிற்க முயன்று விலகிப் போனால் அது தற்செயல் மோதலே என்று. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயம் ஒன்றுதான். அவளுக்கு அடி பலமோ என்று தோன்றியதால், பந்து கைமாறியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் பயிற்சியாளரை உள்ளே வரச் சொன்னேன். முட்டியில் சிராய்ப்புதான். இடைவேளையில் பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தபோதும் அந்தப் பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் உரிமை.

அந்த முடிவை எடுக்க முடிந்ததற்குக் காரணம், அப்போது நான் பந்தைப் பார்க்கவில்லை. ஸ்கிரீன் விஷயத்தில் நடுவரின் வேலையெல்லாம் மோதலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மோதிய சத்தம் கேட்டுத் திரும்பினால், இரண்டு உடல்கள் சாய்ந்து கிடப்பதுதான் தெரியும். எந்தக் கால் எப்போது எங்கே இருந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். கூட்டத்தின் கூச்சல் அந்த ஊகத்தை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பெரிய போட்டிகளில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். மாவட்ட அளவில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். ஒருவர் பேஸ் லைனில், மற்றவர் பின்னால். பந்து இருக்கும் பக்கத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால், பந்தில்லாத பக்கத்தை மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்வது சுலபம். பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போவது மனித இயல்பு. இருவரும் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், எதிர்ப்பக்கம் உயரமான பையன்கள் இடுப்பால் இடித்து ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் வைத்திருக்கும் உபாயம் இது: கூடைக்கு அருகே நிற்கும் உயரமானவன் தன் இடத்தை விட்டு வெளியே நடக்கத் தொடங்கினால், அவன் காற்று வாங்கப் போகவில்லை. ஸ்கிரீன் போடப் போகிறான். உடனே அவனை விட்டுவிட்டு, அவன் யாரை நோக்கிப் போகிறான் என்று பார்ப்பேன். அந்த ஆளின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கால் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு ஸ்கிரீன் போடுபவனின் பாதங்கள், பிறகு இடுப்பு, கடைசியாகக் கைகள். இந்த வரிசையில் பார்த்தால் மோதல் நடக்கும்போது சொல்லவேண்டியது ஏற்கெனவே தயாராக இருக்கும்.

இடுப்புதான் பெரிய திருடன். பாதங்கள் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கும், பார்க்க நல்ல பிள்ளையாக இருப்பான். துரத்தி வருகிறவன் ஒதுங்கி ஓடும்போது இடுப்பை மட்டும் அரை அடி வெளியே தள்ளுவான். அது சிலிண்டரைத் தாண்டிவிட்டது, ஃபவுல். அடுத்தது, ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி உருளுகிறவன், அதாவது உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறவன். தோளைத் திருப்பும் சாக்கில், தடுத்தாடும் காப்பாளனை முதுகால் அணைத்துக்கொண்டே இரண்டடி கூட்டிப் போவான். இன்னொன்று, பந்தைக் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நடந்துபோய்க் காப்பாளன்மேல் ஏறுவது. கைப்பேசியில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ ஆட்டங்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே நடுவர்கள் பல நேரம் விட்டுவிடுவதை இவர்கள் விதி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

பந்து வைத்திருப்பவனைக் காக்கிறவன்மேல் ஸ்கிரீன் போட்டால் நேரமும் தூரமும் பார்க்க வேண்டாம் என்று சிலர் சாதிப்பார்கள். இது அடிக்கடி காதில் விழும் குழப்பம். நேரமும் தூரமும் பார்க்க வேண்டாம் என்ற சலுகை, பந்து வைத்திருப்பவனை மறித்து நிற்கும் காப்பாளனுக்கு உரியது. பந்து கையில் இருப்பவன், யாராவது எந்த நொடியும் முன்னால் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் ஓட வேண்டும். ஆனால் அவனைக் காக்கிறவன் கையில் பந்து இல்லையே! அவன் பந்தில்லாத எதிராளி. அவன் முதுகுக்குப் பின்னால் வந்தால் ஓரடி இடம் விட்டே ஆக வேண்டும். இதைச் சொன்னதும் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சிரிப்பார்கள். புத்தகத்தைத் திறந்து காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

எதிர்ப்பக்கத்துக் குற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். நடுவர்களாகிய நாம் ஸ்கிரீன் போடுகிறவனையே குற்றவாளியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். ஸ்கிரீன் வருகிறது என்று தெரிந்ததும் முன்கையால் அவனைத் தள்ளிக்கொண்டு வழி ஏற்படுத்துகிற காப்பாளர்கள் உண்டு. உருளப் போகிறவனின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிறவர்களும் உண்டு. லேசாகப் பட்டதற்கே துப்பாக்கிச் சூடு பட்டவனைப்போல் மல்லாந்து விழுகிறவர்களும் உண்டு. இந்த நாடகத்துக்கு முதலில் எச்சரிக்கை, மீண்டும் செய்தால் நடத்தைக் குற்றமான டெக்னிக்கல் ஃபவுல். நான்கு ஸ்கிரீன் ஃபவுல் கொடுத்துவிட்டு, ஒரு பனியன் பிடியைக்கூடக் கண்டுகொள்ளாத ஆட்டம், தாக்கும் அணிக்கு அநியாயம் செய்த ஆட்டம்.

ஸ்கிரீன் ஃபவுலுக்கான தண்டனை கடுமையானது என்று தோன்றாது, ஆனால் கடுமையானதுதான். பந்து தன் அணியிடம் இருக்கும்போது செய்கிற ஃபவுல் என்பதால், அணியின் ஃபவுல் கணக்கு நான்கைத் தாண்டியிருந்தாலும் ஃப்ரீ த்ரோ கிடையாது, பந்து மட்டும் எதிரணிக்குப் போகும். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காட்டுவோம், ஸ்கோரர் குறித்துக்கொள்வார். ஆனால் அது, ஐந்தானால் வெளியேற வேண்டிய அந்தப் பையனின் சொந்தக் கணக்கில் ஒன்றாக ஏறிவிடும். ஸ்கிரீன் போடுகிறவன் பெரும்பாலும் அணியின் ஒரே உயரமான ஆள். முதல் பத்து நிமிடத்துக்குள் இப்படி இரண்டு வாங்கினால் பயிற்சியாளர் அவனை உட்கார வைத்துவிடுவார், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டு எடுக்க, ஆளிருக்காது. அதனால் முதல் சில நிமிடங்களில் ஆதாயம் தராத சின்ன அசைவைப் பார்த்தால், பந்து வெளியே போனதும் பக்கத்தில் போய், "தம்பி, நின்று போடு. இடுப்பைத் தள்ளாதே. அடுத்த முறை கொடுத்துவிடுவேன்" என்பேன். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். கேட்காதவனுக்கு அடுத்த முறை கொடுத்துவிடுவேன். சொன்னதைச் செய்யாவிட்டால் ஆட்டத்தின் அடுத்த கால்பகுதியில் என் பேச்சுக்கு மதிப்பிருக்காது. ஆனால் காப்பாளனை நிலைகுலையச் செய்த மோதலுக்கு இந்தச் சலுகை இல்லை, அது முதல் நிமிடமானாலும் விசில்தான்.

கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் போகும் இளம் நடுவர்களுக்கு நான் சொல்வதும் இதை ஒட்டியதுதான். நாட்டின் நல்ல அணிகள் வரும், கூட்டம் நெரியும், பந்தோடு கண் ஓடும். ஒரு கால்பகுதி நேரமாவது பந்தைப் பார்க்காமல், மறுபக்கத்தில் இருக்கும் இரண்டு பேரை மட்டும் பாருங்கள் என்பேன். பார்த்துவிட்டு வந்தவர்கள், ஸ்கோர் என்ன ஆனது என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். ஸ்கோரைப் பார்க்கத்தான் மேசையில் ஆட்கள் இருக்கிறார்களே.

கடைசி நிமிடத்தைப் பற்றி இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆட்டம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இருக்கிறது, பந்தில்லாத பக்கத்தில் நகர்ந்தபடியே ஒருவன் போட்ட ஸ்கிரீனால் ஷூட்டர் தனியாக விடுபடுகிறான். "அதை விட்டுவிடுங்கள் சார், ஆட்டத்தை ஆட்டக்காரர்கள் முடிக்கட்டும்" என்பார் என்னோடு பலமுறை நடுவராக நின்ற நண்பர். அவர் ஊதமாட்டார். நான் ஊதுவேன். ஊதாமல் விட்டாலும் ஆட்டத்தை முடித்துவைப்பது நான்தான், நகர்ந்துபோய்த் தடுத்தவனின் பக்கம் முடித்துவைத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த போட்டியிலும் நாங்கள் இருவரும் சேர்ந்தே நிற்கப்போகிறோம். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சில், கடைசி இரண்டு நிமிடங்களில் பந்தில்லாத பக்கம் என் பொறுப்பாக வருகிறபோதெல்லாம் அவர் குறுக்கே வரக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பந்திருக்கும் பக்கத்தை அவர் என்ன செய்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.